ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மைல்

கையேடு பத்தாயிரம் என்கிறது.
முந்நூற்று எண்பத்தேழாம் பக்கம், பொடி எழுத்து:
அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது.
பக்கத்தைப் புரட்டினால்
கடுங்குளிரில், குறுந்தூர ஓட்டத்தில்
பாதியாகக் குறைக்கச் சொல்கிறது அதே கையேடு.
இங்கே ஹவுட்டனில்
அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை
கடுங்குளிர்தான்.
வீட்டிலிருந்து டயாலிசிஸ் மையம் நாலு மைல்.
இதில் எந்தப் பக்கத்தில் குடியிருக்கிறேன் நான்?

திரையில் ஒளிர்கிறது:
ஆயிலின் ஆயுள் தொண்ணூற்றொரு விழுக்காடு.
யார் தொட்டுப் பார்த்துச் சொன்னது என்றேன்.
கார் விற்ற டார்லீன் சிரித்தாள்.
யாரும் தொடுவதில்லையாம்.
சுற்றுகளை எண்ணி, சூட்டைக் கூட்டி
ஊகிக்கிறதாம்.

ஐந்நூறிலேயே வடித்துவிடு என்கிறான்
எதிர்வீட்டு ரெய்னோ காங்காஸ்,
நகராட்சியின் பனிவாரி வண்டிகளைப் பிரித்துப் பூட்டுபவன்.
முதல் கோணல் முற்றும் கோணல், ஆவ்னே,
உள்ளே இரும்பும் இரும்பும் இப்போதுதான் பழகுகின்றன.
அவன் மனைவி ஜன்னலைத் திறந்து சொன்னாள்:
எனக்கு வாங்கித் தந்ததைவிட
ஆயிலுக்குக் கொட்டியது அதிகம்,
இவனைக் கேட்காதே.

என் தங்கை ஐலி வாடகைக்கார்.
மூன்று வருடம் மூடியைத் திறக்கவேயில்லை,
அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.
கணவர்கள் விஷயத்திலும் அவள் அப்படித்தான்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது.
வேறு யாரும் ஓட்டியிராத கார்
இதுதான் முதல்.
இருக்கையின் பிளாஸ்டிக் உறையை
இன்னும் ஒரு மூலையில் விட்டுவைத்திருக்கிறேன்.

வேலையில் இந்தக் கேள்வியே எழாது.
திங்கள், புதன், வெள்ளி.
காலை ஐந்தரைக்கு முதல் ஊசி.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
குழாயில் ஒரு குமிழி வருகிறதா என்று பார்த்திருப்பேன்.
மூன்றாம் நாற்காலி வெண்டெல் போப்ரே,
மரலாரி ஓட்டியவர்,
தினமும் கேட்பார்: மாற்றிவிட்டாயா?
இன்னும் யோசிக்கிறேன் என்பேன்.
போன புதன்கிழமை,
தன் ரத்தம் வடிகட்டிக்குள் போய்
திரும்பி வருவதைப் பார்த்தபடியே கேட்டார்:
எனக்கும் பத்தாயிரம் மைல்
எழுதித் தர மாட்டாயா?
பிளாஸ்திரியை இரண்டாம் முறை
அழுத்தி ஒட்டினேன்,
அது நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

கடைசியில் முடிவு செய்தது
கையேடுமில்லை, ரெய்னோவுமில்லை.
அடுத்த வாரம் தரை உறைந்துவிடும்,
என் முதுகு தாங்காது.
அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை. ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
ஏரிக்கரை வரை ஓட்டிச் சூடேற்றி வந்து
அட்டையை விரித்து அடியில் படுத்தேன்.
திருகு கழன்றதும்
மணிக்கட்டு வழியே முழங்கைவரை இறங்கியது,
வெதுவெதுப்பாக.
தேன் நிறம்தான். கறுக்கவில்லை.
அவசரப்பட்டுவிட்டோமோ என்று நினைத்தபோது
தட்டு கொஞ்சம் சாய்ந்தது,
வெயில் உள்ளே விழுந்தது.
மீன் செதிலை இழைத்துத் தூவினதுபோல்
மினுக் மினுக்கென்று பொடி,
விரலில் தேய்த்தால்
இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பொடி.

புதுசு என்றால் இதுதானா?
இதெல்லாம் சகஜம் என்பாள் டார்லீன்.
நான்தான் சொன்னேனே என்பான் ரெய்னோ.
இருவருக்கும் இதே பொடிதான் சாட்சி.
நான் யாரையும் கூப்பிடவில்லை.

வடிகட்டியைக் கழற்றித்
தூக்கிப் பிடித்தேன், பழக்கத்தில்.
வேலையிடத்தில் அது கண்ணாடிபோலிருக்கும்,
வெளிச்சத்தில் எல்லாம் தெரியும்.
இது கறுப்புத் தகரம்.
எதை நிறுத்திவைத்தது,
எதைப் போகவிட்டது
என்று சொல்லவில்லை.

புது ஆயில் ஊற்றி, கை துடைத்து,
சாவி போட்டேன்.
எண்பத்தாறு என்றது திரை.
அதற்கு ஒன்றுமே தெரியாது.
பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி
நாமேதான் சொல்ல வேண்டுமாம்.

அழுத்தினேன்.
ஏன், எதற்கு, யார் சொல்லி
என்று ஒரு வார்த்தை கேட்காமல்
நூறு என்றது.